நின்றுபோன வண்டியும் நன்றிக் கடனும்

உழைத்து ஓய்ந்த ஒன்றுக்கு, அதனால் பயன் பெற்றவன் கடன்பட்டிருக்கிறானா? மனிதர்களைப் பற்றி இக்கேள்வி எழுந்தால் 'ஆம்' என்று எல்லோரும் உடனே விடை கூறுவர்; அவ்விடையின்படி நடப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். உழவு மாட்டைப் பற்றிக் கேட்டாலும் பெரும்பாலோர் 'ஆம்' என்றே சொல்வர். ஓர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு வரும். இரும்புக்கு என்ன கடன்? ஆனால் சிரிப்பு எழும் இடத்தில்தான் பல வேளைகளில் சிந்தனையும் தொடங்க வேண்டியிருக்கிறது.

நுட்பமான பொருளை விளக்கச் சாஸ்திரங்கள் எளிய திருஷ்டாந்தங்களைக் கையாளுகின்றன: மண்ணும் குடமும், கயிறும் பாம்பும், பொன்னும் அணிகலனும். இங்கே ஒரு பழைய பிக்கப் வண்டியைத் திருஷ்டாந்தமாகக் கொள்ளலாம். அது நிற்கும் இடம் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல்.

தங்கவயல் இயந்திரங்களோடு வாழ்ந்த ஊர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கப் பணியில் இறங்கியது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து, காவிரி நீரின் விசையால் எடுத்த மின்சாரம் 1902இல் அங்கு வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. இன்று சயனைடு மண்மேடுகள் குன்றுகளைப்போல் நிற்கின்றன. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஊரின் உழைப்பாளிகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகின்றனர்.

அத்தகைய ஊரில் ஒரு வீட்டின் பின்புறத்தில், கிழிந்த தார்ப்பாயின்கீழ், 1950களில் சொந்த உபயோகத்துக்கெனப் பதிவு பெற்ற பிக்கப் வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது வீட்டுக்கு விறகு கொண்டுவந்தது. கல்யாணச் சீர்வரிசையைச் சுமந்தது. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தது. ஒருநாள் ஏதோ சிறு பழுது என்று நிறுத்தப்பட்டது. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்லி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. தாத்தா ஓட்டிய வண்டியை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறான் பேரன். 'காயலான் கடைக்குப் போட்டால் நாலு காசாவது கிடைக்கும்' என்கிறார் தந்தை. இருவரில் யார் சொல்வது சரி?

நிற்பது ஓய்வன்று

ஓடும் வண்டி தேயும், நிற்கும் வண்டி தேயாது என்று பலர் நினைக்கின்றனர். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகவே சொல்வார். நிற்கும் வண்டியின் டாங்கில் மிஞ்சிய பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஈரம் சக்கரங்களின் பிரேக் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கிறது. பிஸ்டன் வளையங்கள் துருவேறி சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. டயரின் பட்டன்கள் தேயாமலே இருக்கும்; ஆனால் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். வயர்களை எலி கடித்திருக்கும். இவற்றுள் ஒன்றுகூட ஒரே நாளில் நடந்ததன்று. யாரும் வேண்டுமென்று செய்ததுமன்று.

புறக்கணிப்பின் இயல்பே இதுதான். அதைச் செய்தவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒருவரை அடித்தவனுக்குத் தன் செயல் தெரியும். ஒருவரை மறந்தவனுக்குத் தான் ஒன்றும் செய்யவில்லை என்றே தோன்றும். ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலே என்பதைக் கீதை ஆராயும் கர்ம தத்துவம் நன்கு அறியும். தமோகுணம் ஓய்வின் வேடத்தில் வருகிறது. முதிய தாய் தந்தையரைப் பார்க்கச் செல்வதும், பழைய நண்பருக்குக் கடிதம் எழுதுவதும், தொடங்கிய ஜபத்தைத் தொடர்வதும் 'அடுத்த வாரம்' என்ற சொல்லால்தான் நின்றுபோகின்றன. பகையால் நின்றுபோவது மிகச் சில.

இருபது ஆண்டு நின்ற எஞ்சினை உயிர்ப்பிக்கும் முறையும் சிந்தனைக்கு உரியது. ஆத்திரக்காரன் புது பாட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட்டரை இயக்குவான்; ஒட்டிய வளையங்கள் உடையும், சிலிண்டர் கீறும். அனுபவசாலி ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் ஊற்றிவிட்டுச் சில நாள் காத்திருப்பார். பின்னர் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். அசையவில்லையெனில் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருத்தல். நெடுநாள் புறக்கணிக்கப்பட்டதை வலிமையால் எழுப்ப முடியாது. உறவுகளுக்கும் இதே விதிதான்.

அதே வண்டிதானா?

வேலை தொடங்கியதும் வேறொரு கேள்வி எழுகிறது. டயர், வயர், பிரேக், ரேடியேட்டர், மரப்பலகைத் தளம், துருப்பிடித்த தகடுகள் எல்லாம் மாற்றப்பட்ட பிறகு நிற்பது தாத்தாவின் வண்டியா, அல்லது தாத்தாவின் வண்டியைப் போன்ற வேறொரு வண்டியா?

இது பழைமையான கேள்வி. மிலிந்தன் என்று பௌத்த நூல் அழைக்கும் கிரேக்க மன்னனிடம் நாகசேனர் என்ற துறவி, அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பகுதியும் தேரன்று. பகுதிகளை விட்டுத் தனியே தேர் என்று ஒன்றும் இல்லை. 'தேர்' என்பது வழக்கில் வைத்த பெயரே என்று மன்னனை ஒப்பவைத்தார். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிப் பேணியதைப் புளூட்டார்க் எழுதி, அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வழக்காடியதையும் குறித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இந்தச் சிக்கலை இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து வேறொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸின் கேள்வி நூலோடு நின்றுவிடவில்லை. பட்டறைகளில் நாள்தோறும் எழுகிறது. செத்த வண்டிகள் இரண்டைப் பிரித்து, ஓடும் வண்டி ஒன்றை உருவாக்குவது வழக்கமான வேலை. சட்டத்தின் விடை எளிது: ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணுமே வண்டியின் அடையாளம். சட்டத்துக்கு இது போதும். மனச்சாட்சிக்கு இன்னும் ஒன்று வேண்டும். ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றின்மீது பதிப்பவனும், பாதி புதிதாக்கிய வண்டியை 'எல்லாம் அசல்' என்று சொல்லி விற்பவனும் இரும்பை மாற்றவில்லை, உண்மையை மாற்றுகின்றனர். 'அதே வண்டியா?' என்னும் தத்துவக் கேள்விக்கு முடிவான விடை கிடைக்காமல் போகலாம். 'எதை மாற்றினாய்?' என்னும் அறக்கேள்விக்கு எப்போதும் விடை உண்டு. சத்தியம் அங்கேதான் இருக்கிறது.

அரிஸ்டாட்டில் ஒரு பொருளுக்கு நான்கு காரணங்களைக் கூறினார்: அது எதனால் ஆனது, எந்த வடிவம் உடையது, யார் ஆக்கியது, எதற்காக இருக்கிறது. நம் மரபில் உபாதான காரணம், நிமித்த காரணம் என்ற பகுப்பு உண்டு. வண்டியின் பொருள் மாறிவிட்டது, ஆக்கியவர்கள் மறைந்துவிட்டனர். வடிவம்கூட நாம் நினைப்பதுபோல் அசலானதன்று. அக்காலத்தில் சுமை வண்டிகள் பல வெறும் சேஸிஸாகவே வாங்கப்பட்டன. அவற்றுக்கு உடல் கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும்தாம். எஞ்சுவது நோக்கம். எதற்காக இருந்ததோ அதற்காக மீண்டும் இருந்தால், அதை அதே வண்டி என்று சொல்ல நியாயம் உண்டு.

தமிழகத்தில் இதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. திருவாரூர் ஆழித் தேர் 1926இல் தீக்கிரையானது. புதிதாகச் செய்யப்பட்ட தேரும் பின்னர்ப் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 1970இல் அது மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் உதவியால் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்குப் பொருத்தப்பட்டன. பழைய மரம் இல்லை. பழைய அச்சும் இல்லை. ஆயினும் வடம் பிடித்தவர்களில் யாரும் 'இது வேறு தேர்' என்று கூறவில்லை. இறைவன் எழுந்தருளுகிறார், ஊர் கூடி இழுக்கிறது, வீதி வலம் வந்து தேர் நிலைக்குத் திரும்புகிறது. அந்த நோக்கம் தொடர்ந்தவரை அது ஆழித் தேரே.

முதலில் பிரேக்

நின்ற வண்டியை எடுப்போரிடம் நல்ல மெக்கானிக்குகள் வற்புறுத்தும் ஒழுங்கு ஒன்று உண்டு. உரிமையாளர் எஞ்சின் முழங்குவதைக் கேட்கத் துடிப்பார். மெக்கானிக்கோ, 'ஓடுவது இருக்கட்டும், முதலில் நிற்கட்டும்' என்பார். பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயரும் சரியாகும் வரை அவர் வண்டியைச் சாலைக்கு அனுப்பமாட்டார்.

கடோபநிஷதத்தில் யமதர்மன் நசிகேதனுக்குக் கூறும் உவமையில் உடல் தேராகவும், ஆன்மா தேரின் தலைவனாகவும், புத்தி சாரதியாகவும், மனம் கடிவாளமாகவும், புலன்கள் குதிரைகளாகவும் கூறப்படுகின்றன. அந்த உவமையின் கவலை குதிரைகளின் வேகத்தைப் பற்றியதன்று, கடிவாளத்தைப் பற்றியது. ஆன்மிக வாழ்வுக்கு மீள்பவர்கள் பலர் எஞ்சினை முதலில் முழக்குகின்றனர்: நீண்ட விரதம், பெரிய தீர்மானம். யமம், நியமம் என்னும் அடக்கங்களை யோகத்தின் முதற்படிகளாக முன்னோர் வைத்ததன் காரணத்தைப் பட்டறையிலும் கற்கலாம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையான அறச்சிக்கல் எழுகிறது. பழைய வண்டிகளுக்கென மத்திய அரசு 2021இல் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகள் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. மரபைக் காக்கும் நல்ல நோக்கம் இது. ஆயினும் அசலைக் காக்கும் ஆர்வம் எந்த அளவுக்குச் செல்லலாம்?

காலம் வண்டியைச் சுற்றி மாறிவிட்டது. அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்கெனச் செய்யப்பட்டது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு அது நிறுத்தப்பட்டது. இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். சாலையில் மற்ற வண்டிகளின் வேகம் பல மடங்கு. அரித்துப்போன பிரேக் சிலிண்டரையோ வெடித்த டயரையோ 'அசல்' என்பதற்காக வைத்துக்கொண்டு பள்ளி விடும் நேரத்தில் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஓட்டுபவன், தன் ஆசைக்குப் பிறர் பிள்ளையைப் பணயம் வைக்கிறான். தன் உயிரைப் பற்றித் துணிவது ஒருவனின் உரிமையாக இருக்கலாம். எதிரே வருபவனின் உயிர் அவனுடையதன்று. வடிவத்துக்குச் செய்யும் மரியாதையைவிட உயிருக்குச் செய்யும் மரியாதை பெரிது. பாதுகாப்பும் அசலும் மோதும் இடத்தில் பாதுகாப்பை ஏற்று, அதனால் விண்டேஜ் பதிவோ பரிசோ கிடைக்காமல் போனாலும் அந்த இழப்பையும் ஏற்பதே தர்மம்.

பயன், பகட்டு, நன்றி

'காயலான் கடைக்குப் போடு' என்ற தந்தையின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. செலவு பெரிது, பயன் சிறிது. அந்தப் பணத்தில் ஓர் ஏழை மாணவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம். துருப்பிடித்த இரும்பின்மீது இவ்வளவு பாசம் வைப்பது மோகம் அல்லவா?

இதற்கு விடை காண, பொருளை மதிக்கும் வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயனால் மட்டும் மதிப்பவனுக்குப் பயன் தீர்ந்ததும் பொருள் குப்பை. பகட்டால் மதிப்பவன் பளபளக்கும் வண்ணம் அடித்து, நாலுபேர் வியக்க நிறுத்திவைப்பான். அவன் மதிப்பது வண்டியை அன்று, வண்டியருகில் நிற்கும் தன்னை. நன்றியால் மதிப்பவன் வேறு வகை. ஆயுத பூஜை நாளில் தமிழ் உழைப்பாளி தன் சுத்தியலுக்கும் லேத் இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறான். இரும்பு தன் பூஜையை அறியும் என்று அவன் நம்புவதில்லை. வாங்கிக்கொண்ட கையை மறவாதிருக்கத் தன்னைத்தான் பழக்கிக்கொள்கிறான். எனவே இரும்புக்குக் கடன் உண்டா என்ற கேள்விக்கு விடை இதுதான்: கடன் இரும்பின் உணர்வில் இல்லை, பயன்பெற்றவனின் பண்பில் இருக்கிறது.

இது சிறிய விஷயமாகத் தோன்றினால், அந்த வண்டி நிற்கும் ஊரை மறுபடி நினைக்க வேண்டும். பயன் ஒன்றே அளவுகோல் எனின், தங்கவயலை விட்டுச் செல்ல ஒரு கணக்குப் போதும்: எடுக்கும் பொன்னின் விலையைவிட எடுக்கும் செலவு அதிகம். கணக்கில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாறைத்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் மூச்சுத் திணறிய தொழிலாளி அந்தக் கணக்கின் எந்தப் பத்தியில் வருகிறான்? அவன் தோண்டிய பொன்னை அணிந்தவர்களுக்கு அவன் பெயர் தெரியாது. பயன் தீர்ந்ததும் கைவிடும் பழக்கம் பொருளோடு நிற்பதில்லை; பொருளிடம் பழகிய கை மனிதரிடமும் அதையே செய்கிறது.

ஆகவே, மோகமா நன்றியா என்பதை அறியச் சில சோதனைகள் உண்டு. வண்டிக்காக வீட்டிலுள்ளோரின் தேவைகள் புறக்கணிக்கப்படுகின்றனவா? ஆம் எனில் அது மோகம். பழுதை மறைக்காமல் சொல்ல முடிகிறதா? இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வருகிறதா? அந்த வேலையால் வேறு யாராவது பிழைக்கவோ கற்கவோ செய்கிறார்களா? தங்கவயலில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. சுரங்கப் பட்டறைகளிலும், 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் பயின்ற பிட்டர்களும் டர்னர்களும் நிறைந்த ஊர் அது. கடையில் கிடைக்காத உதிரிப் பாகத்தைப் பார்த்தே கடைந்தெடுக்கும் கைகள் முதுமை அடைகின்றன. பேரன் அத்தகைய ஒருவரை நாடிச் சென்று, 'ஐயா, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்டால், அங்கே மீட்கப்படுவது வண்டி மட்டும் அன்று.

வண்டியின் வானப்பிரஸ்தம்

விண்டேஜ் பதிவு பெற்ற வாகனத்தை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலைக்கு வரலாம் என்கிறது விதி. சுமை சுமக்கப் பிறந்த வண்டி சுமை சுமக்கக்கூடாது எனின், முன்பு கூறிய நோக்கம் என்ன ஆவது?

நான்கு ஆசிரமங்களை வகுத்தவர்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றனர். இல்லறத்தான் வானப்பிரஸ்தன் ஆகும்போது ஈட்டுவதை விடுகிறான், பயனற்றவன் ஆகிவிடுவதில்லை. அதுவரை கைகளால் செய்ததை இனி இருப்பினால் செய்கிறான். அவனைக் கண்டு இளையோர் கற்கின்றனர். கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகள் சம்பாதிப்பதில்லை, கற்பிக்கின்றன. அந்நகரத்து விஞ்ஞானி ஜி.டி. நாயுடு இளமையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை முழுவதும் பிரித்துப் பூட்டியே இயந்திர அறிவைப் பெற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பிரித்துப் பார்க்க ஒரு வண்டி கிடைத்தால் ஒரு சிறுவனின் வாழ்வு மாறக்கூடும்.

விட வேண்டியதை விடுதல்

எல்லா வண்டியையும் மீட்க முடியாது, மீட்கவும் வேண்டியதில்லை. சேஸிஸ் அரித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால், அதன்மேல் புதுத்தகடு ஒட்டி வண்ணம் அடிப்பது பொய். அப்போது நல்ல பாகங்களை வேறு வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய இரும்பை உலைக்கு அனுப்புவதும் மரியாதையே. அலட்சியத்தால் கைவிடுவதும் விவேகத்தால் விடைகொடுப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். முன்னது பாராமலே விட்டது. பின்னது பார்த்து, முயன்று, நன்றி கூறி விட்டது.

எனவே தந்தைக்கும் பேரனுக்கும் இடையிலுள்ள வழக்கு, தார்ப்பாயை விலக்கிப் பார்க்கும்வரை தீராது. இருவரும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுது அந்த வண்டியின் அடியில் படுத்து, சேஸிஸைத் தட்டிப் பார்க்கட்டும். தேறினால் முதலில் பிரேக்கைச் சரிசெய்யட்டும். தேறாவிட்டால் நன்றியோடு அனுப்பட்டும். ஒவ்வொருவர் வாழ்விலும் 'அடுத்த வாரம்' என்று நிறுத்திவைத்த ஒன்று உண்டு. அது ஒரு கடமையாக இருக்கலாம், ஓர் உறவாக இருக்கலாம், ஒரு சாதனையாகவும் இருக்கலாம். அதன் மீதுள்ள தார்ப்பாயை இந்த வாரமே விலக்குவது நல்லது.